காஸ்-66 (சுமையுந்து)

காஸ்-66 என்பது சோவியத் ஒன்றியத்தின் கோர்க்கி நகரில் (இன்றைய ரஷ்யாவின் நிஸ்னி நோவ்கரத்) 1964 முதல் 1999 வரை தயாரிக்கப்பட்ட நான்கு சக்கர இயக்க லாரி ஆகும். இரண்டு டன் சுமையை ஏற்றிக்கொண்டு, பின்னால் இரண்டு டன் டிரெய்லர் ஒன்றையும் இழுத்துக்கொண்டு சேறு, மணல், பனி, ஆற்றுப்படுகை எனச் சாலையே இல்லாத இடங்களில் செல்வதற்காக இது வடிவமைக்கப்பட்டது. 35 ஆண்டுகளில் சுமார் 9.65 இலட்சம் வண்டிகள் உருவாயின. படைவீரர் போக்குவரத்து, ராக்கெட் ஏவுதல், வானொலித் தொடர்பு, தீயணைப்பு, நோயாளர் போக்குவரத்து, நிலத்தைத் துளையிடுதல் என ஒரே அடிச்சட்டம் பல பணிகளுக்குப் பயன்பட்டது.

இந்த லாரியின் சிறப்புகளில் பல, கேபினை எஞ்சினுக்கு மேல் வைப்பது என்ற ஒரே வடிவமைப்பு முடிவிலிருந்து பிறந்தவை. அதன் மிகப் பெரிய குறையும் அதே முடிவிலிருந்துதான் வந்தது. பொறியியலில் ஒரு நன்மைக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை மாணவர்கள் புரிந்துகொள்ள காஸ்-66 நல்ல எடுத்துக்காட்டு.

பெயர்

'காஸ்' என்பது 'கோர்க்கி மோட்டார் வாகனத் தொழிற்சாலை' என்று பொருள்படும் ரஷ்யச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன சுருக்கம். நிஸ்னி நோவ்கரத் நகரம் அங்குப் பிறந்த எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கியின் நினைவாக 1932இல் 'கோர்க்கி' எனப் பெயர் மாற்றப்பட்டது. 'தாய்' நாவலின் ஆசிரியராகத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிந்தவர் இவர். 1990இல் நகரம் பழைய பெயருக்குத் திரும்பியது. தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம் மட்டும் மாறவில்லை.

ரஷ்ய மக்கள் இந்த லாரியை 'ஷிஷிகா' என்று செல்லமாக அழைக்கின்றனர். ரஷ்ய மொழியில் 66 என்ற எண் 'ஷெஸ்த்தெஸ்யாத் ஷெஸ்த்' என ஒலிக்கும். அந்த 'ஷ' ஒலியிலிருந்து இப்பெயர் பிறந்தது எனக் கருதப்படுகிறது. ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் ஷிஷிகா என்பது நாணற்புதர்களிலும் நீர்நிலைகளிலும் வாழும் கூன்முதுகுக் குட்டிப் பேய். சேற்றிலும் புதரிலும் புகுந்து வெளிவரும் வண்டிக்கு அப்பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது.

பின்னணி

கோர்க்கி தொழிற்சாலை அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்துடன் சோவியத் அரசு 1929இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாக உருவானது. 1932இல் உற்பத்தி தொடங்கியபோது அங்கிருந்து வெளிவந்த முதல் லாரி, ஃபோர்டு ஏஏ லாரியை ஒட்டிச் செய்யப்பட்டதே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலை தன் சொந்த வடிவமைப்புகளில் முன்னேறியது.

நான்கு சக்கர இயக்க லாரிகளில் காஸ்-66க்கு முன்னோடி 1948 முதல் 1968 வரை தயாரிக்கப்பட்ட காஸ்-63. அது முன்னால் நீண்ட மூக்கும் அதற்குள் எஞ்சினும் கொண்ட வழக்கமான அமைப்புடையது. 70 குதிரைத்திறன் கொண்ட அதன் எஞ்சின் கடும் நிலங்களில் திணறியது. இடது, வலது சக்கரங்களுக்கிடையே சுமார் 1.6 மீட்டர் மட்டுமே இடைவெளி இருந்ததாலும், வண்டி உயரமாக இருந்ததாலும் பக்கச்சரிவுகளில் கவிழும் ஆபத்து இருந்தது. சரக்குத் தட்டும் சிறியது. எனவே ராணுவத்துக்கு வலிமையான, நிலைத்தன்மை மிக்க, ஆனால் நீளம் கூடாத ஒரு லாரி தேவைப்பட்டது.

1950களின் இறுதியில் எஞ்சினுக்கு மேல் கேபின் கொண்ட காஸ்-62 என்ற இலகுரக லாரி சிறிய எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. அதில் சோதிக்கப்பட்ட எண்ணம் காஸ்-66இல் முழு வடிவம் பெற்றது. தொடர் உற்பத்தி 1964இல் தொடங்கியது. 1969இல் இந்த லாரிக்குச் சோவியத் அரசின் தரச் சின்னம் வழங்கப்பட்டது.

எஞ்சினுக்கு மேல் கேபின்: ஏன்?

ஒரு லாரியின் நீளத்தை மூன்று பகுதிகள் பங்கிட்டுக்கொள்கின்றன: எஞ்சின், கேபின், சரக்குத் தட்டு. எஞ்சின் முன்னால் தனியாக நின்றால் கேபின் பின்னுக்குத் தள்ளப்படும். கேபின் தள்ளப்பட்டால் சரக்குத் தட்டும் பின் அச்சுக்கு மேலேயும் அதற்கு அப்பாலும் போய்விடும். அப்போது சுமையின் பெரும்பகுதி பின் சக்கரங்களை அழுத்தும். முன் சக்கரங்கள் இலகுவாகவும் பின் சக்கரங்கள் பாரமாகவும் இருக்கும் வண்டி சேற்றில் பின்பக்கமாகப் புதையும்.

கேபினை எஞ்சினுக்கு மேல் ஏற்றினால் சரக்குத் தட்டு முன்னோக்கி நகரும். காஸ்-63, காஸ்-66 இரண்டிலும் முன், பின் அச்சுகளுக்கிடையிலான தூரம் ஒன்றுதான்: 3,300 மி.மீ. ஆனால் சரக்குத் தட்டின் நீளம் சுமார் 2.9 மீட்டரிலிருந்து சுமார் 3.3 மீட்டராக உயர்ந்தது. அதைவிட முக்கியமாக, சுமை ஏற்றிய நிலையில் வண்டியின் எடை இரு அச்சுகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டது. நான்கு சக்கரங்களும் நிலத்தை ஒரே அளவில் அழுத்தும்போது நான்குக்கும் ஒரே அளவு பிடிப்புக் கிடைக்கும்.

சக்கரங்களுக்கிடையிலான அகலமும் முன்னால் 1.8 மீட்டராகவும் பின்னால் 1.75 மீட்டராகவும் கூட்டப்பட்டது. இதனால் பக்கச்சரிவில் வண்டி உறுதியாக நின்றது. வான்குடையில் கட்டி இறக்கும்போது வண்டி நேராகத் தரையில் அமரவும் சமநிலையான எடைப் பகிர்வு உதவியது.

எஞ்சினும் இயக்க அமைப்பும்

காஸ்-66இல் 4.25 லிட்டர் கொள்ளளவும் 'வி' வடிவில் எட்டு சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் திறன் 115 குதிரைத்திறன். காஸ்-53 என்ற சாதாரண சரக்கு லாரியிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சினே இருந்தது. சோவியத் கூட்டுப்பண்ணைகளில் இலட்சக்கணக்கில் ஓடிய வண்டி காஸ்-53. ஆகவே உதிரி பாகங்களுக்கும் பழகிய மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை.

எஞ்சினின் ஆற்றல் நான்கு கியர்கள் கொண்ட கியர்பெட்டிக்குச் சென்று, அங்கிருந்து இரண்டாவது கியர்பெட்டி ஒன்றின் வழியாக முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. நல்ல சாலையில் முன் அச்சைத் துண்டித்துவிட்டுப் பின் சக்கரங்களால் மட்டும் ஓட்டலாம். கடினமான நிலத்தில் முன் அச்சை இணைத்து, இரண்டாவது கியர்பெட்டியின் தாழ்நிலையைப் போட்டால் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து இழுவை அதே விகிதத்தில் கூடும்.

நான்கு சக்கர இயக்கம் என்று சொன்னாலும் சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் அச்சின் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், ஆற்றல் எல்லாம் எளிதாகச் சுழலும் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். உறுதியான தரையில் நிற்கும் மறுசக்கரம் அசையாது. இதைத் தவிர்க்க காஸ்-66இன் இரு அச்சுகளிலும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை டிஃபரன்ஷியல் வைக்கப்பட்டது. ஒரு பக்கம் வழுக்கத் தொடங்கியதும் உள்ளிருக்கும் பற்களின் உராய்வு அதைத் தடுத்து, ஆற்றலின் ஒரு பகுதியை மறுபக்கத்துக்குத் தள்ளுகிறது. ஓட்டுநர் எந்த விசையையும் தொட வேண்டியதில்லை.

சில வகைகளில் முன்பக்கம் வின்ச் பொருத்தப்பட்டிருந்தது. வண்டி முழுதாகச் சிக்கிக்கொண்டால் அதன் கம்பிவடத்தை ஒரு மரத்தில் கட்டி, எஞ்சின் ஆற்றலால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளலாம்.

ஓடும்போதே காற்றை இறக்கும் டயர்கள்

காஸ்-66இன் புகழுக்கு முக்கியக் காரணம் அதன் டயர் காற்றழுத்தக் கட்டுப்பாட்டு அமைப்பு. வண்டியில் உள்ள காற்றமுக்கி சுழலும் சக்கரங்களுக்கும் காற்றைக் கொண்டு செல்கிறது. ஓட்டுநர் கேபினில் இருந்தபடியே, வண்டியை நிறுத்தாமல் டயரின் அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இதன் பயனை ஓர் எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். சுமையுடன் வண்டியின் எடை சுமார் 5,800 கிலோ என்று கொள்வோம். டயரின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.8 கிலோ எனில், நான்கு டயர்களும் சேர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பு தோராயமாக 5,800 ÷ 2.8, அதாவது சுமார் 2,070 சதுர செ.மீ. அழுத்தத்தை 1.4ஆகக் குறைத்தால் அந்தப் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். டயர்ச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையான அளவு சற்று வேறுபடும். ஆனால் கோட்பாடு இதுதான். அதே எடை அகன்ற பரப்பில் பரவும்போது நிலத்தின்மீது அழுத்தம் குறைகிறது. சக்கரம் புதையாமல் மேலேயே உருள்கிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாததும் இதே காரணத்தால்தான்.

சேற்றைக் கடந்ததும் மீண்டும் காற்றை ஏற்றிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயருடன் வேகமாகச் சென்றால் டயர் அளவுக்கு மீறி நெளிந்து சூடேறிக் கிழிந்துவிடும். டயரில் சிறு துளை விழுந்தாலும், காற்றமுக்கி தொடர்ந்து காற்றை அனுப்பிக்கொண்டிருப்பதால் பாதுகாப்பான இடம்வரை சென்று சேர முடிந்தது.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து

கேபினில் இருவர் மட்டுமே அமரலாம். இருவருக்கும் நடுவே எஞ்சினின் மூடி ஒரு பெட்டிபோல மேலெழுந்து நிற்கும். எஞ்சினைப் பழுதுபார்க்க வேண்டுமானால் கேபின் முழுவதையும் முன்னோக்கிச் சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்த்துவிட்டால் எஞ்சினை மூன்று பக்கங்களிலிருந்தும் எளிதாக அணுகலாம். ஆனால் கேபினுக்குள் தளராமல் கிடக்கும் பொருள் எல்லாம் கண்ணாடிமேல் வந்து விழும்.

எஞ்சின் நடுவில் இருப்பதால் கியர்க்கோலுக்கு முன்னால் இடமில்லை. அது ஓட்டுநரின் வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் வளைந்து நிற்கிறது. கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் கையைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பு உண்டு. கீழ்க் கியர்களுக்கு வர கிளட்சை இரு முறை அழுத்தி, இடையில் ஆக்சிலரேட்டரைக் கொடுத்து ஓட்டும் பழக்கம் தேவைப்பட்டது. புதிதாகப் படையில் சேர்ந்த இளைஞர்கள் இதைக் கற்றுக்கொள்ளப் பாடுபட்டனர்.

கோடையில் எஞ்சினின் சூடும் இரைச்சலும் கேபினை நிறைத்தன. கடும் குளிரில் அதே சூடு பயனளித்தது. குளிர்ந்துபோன எஞ்சினை இயக்கும் முன் சூடாக்கும் கருவியும் இருந்தது. நீண்ட பயணங்களில் ஒருவர் படுத்துறங்க, தூளிபோல் தொங்கவிடும் துணிப்படுக்கை ஒன்றும் கேபினில் அளிக்கப்பட்டது. ஸ்டீயரிங் ஹைட்ராலிக் உதவியுடன் இயங்கியதால் பெரிய டயர்களைத் திருப்புவது கடினமாக இல்லை.

பயன்பாடுகளும் வகைகளும்

சோவியத் வான்குடைப் படைகளுக்கென காஸ்-66பி என்ற தனி வகை உருவாக்கப்பட்டது. இதன் கேபினின் மேல்பகுதி துணியால் ஆனது. கண்ணாடிச் சட்டத்தை மடக்கி, ஸ்டீயரிங் தண்டை உள்ளிழுத்து, வண்டியின் உயரத்தைக் குறைத்து விமானத்தில் ஏற்றலாம். பின்னர் வான்குடைத் தளத்தில் கட்டி வானிலிருந்து இறக்கலாம். இதே வண்டியின்மீது 122 மி.மீ. 'கிராட்' ராக்கெட்டுகளுக்கான 12 குழாய்கள் கொண்ட ஏவுகலம் பொருத்தப்பட்டு பிஎம்-21வி உருவானது. வழக்கமான கிராட் ஏவுகலத்தில் 40 குழாய்கள் உண்டு. அதற்கு மூன்று அச்சுகள் கொண்ட பெரிய உரால் லாரி தேவை. விமானத்தில் எடுத்துச் செல்வதற்காகக் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சிறிய வண்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. 120 மி.மீ. 'சானி' மோர்ட்டாரைச் சுமந்து செல்லவும் காஸ்-66 பயன்பட்டது.

'குங்' எனப்படும் மூடிய பெட்டி உடல் பொருத்தப்பட்ட வண்டிகள் வானொலி நிலையங்களாகவும் கட்டளை மையங்களாகவும் நடமாடும் பட்டறைகளாகவும் செயல்பட்டன. காயமடைந்தவர்களை ஏற்றிச் செல்லும் மருத்துவ வண்டிகளும் இருந்தன. டிடிஏ-66 என்ற வகை, களத்தில் உள்ள வீரர்களுக்கு வெந்நீர்க் குளியலையும் அவர்களின் உடைகளுக்குக் கிருமிநீக்கத்தையும் அளித்த நடமாடும் குளியலறை. பேன் வழியாகப் பரவும் காய்ச்சலால் படைகள் அழிந்த அனுபவம் ரஷ்யாவுக்கு உண்டு என்பதால் இத்தகைய வண்டிக்கு மதிப்பு அதிகம்.

குடிமைப் பணிகளில் காட்டுத் தீயணைப்பு வண்டியாகவும், நிலவியலாளர்களின் துளையிடும் கருவியைச் சுமக்கும் வண்டியாகவும், எண்ணெய் வயல்களுக்கும் மரம் வெட்டும் முகாம்களுக்கும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தாகவும் இது பயன்பட்டது. பனி உருகும் வசந்தத்திலும் மழை பெய்யும் இலையுதிர் காலத்திலும் ரஷ்யாவின் மண்சாலைகள் வாரக்கணக்கில் சேறாகிவிடும். 'ரஸ்புத்தித்சா' என்று தனிப்பெயரே கொண்ட அந்தப் பருவத்தில் சில ஊர்களுக்கு இத்தகைய வண்டிகளே வழித்துணை.

வார்சா ஒப்பந்த நாடுகள், வியட்நாம், மங்கோலியா, கியூபா உள்ளிட்ட பல நாடுகளுக்கும் இந்த லாரி சென்றது.

குறைகளும் ஆப்கானிஸ்தான் அனுபவமும்

1979 முதல் 1989 வரை நடந்த ஆப்கானிஸ்தான் போர், காஸ்-66இன் அடிப்படைக் குறையை வெளிக்கொணர்ந்தது. மலைப்பாதைகளில் லாரித் தொடர்களைத் தாக்கும் முக்கிய ஆயுதமாகக் கண்ணிவெடி விளங்கியது. சாலையில் புதைத்த கண்ணிவெடியை முதலில் மிதிப்பது பெரும்பாலும் முன் சக்கரம். மூக்கு நீண்ட லாரியில் முன் சக்கரம் ஓட்டுநருக்குச் சற்று முன்னால் இருக்கும். வெடிப்பின் வேகத்தை எஞ்சினும் அதைச் சுற்றியுள்ள இரும்பும் ஓரளவு தாங்கும். காஸ்-66இல் ஓட்டுநர் அமர்ந்திருப்பதே முன் சக்கரத்துக்கு மேல். இடையே மெல்லிய தகடு மட்டுமே இருந்தது. நேர் மோதலிலும் இதே நிலைதான்: முகத்துக்கு முன்னால் கண்ணாடியும் ஒரு தகடும் தவிர வேறு காப்பு இல்லை.

எடையைச் சமமாகப் பகிர்ந்த அதே அமைப்பு, ஓட்டுநரை மிக ஆபத்தான இடத்தில் அமர்த்தியது. அந்த இருக்கைகளில் இருந்தோரில் பெரும்பாலோர் கட்டாயப் படைப்பணிக்கு வந்த இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். 1960களில் வடிவமைப்பாளர்கள் எண்ணிப் பார்த்தது பரந்த ஐரோப்பியச் சமவெளிப் போரை. அதில் சேற்றைக் கடப்பதே முதல் சவாலாகத் தெரிந்தது. மலைச்சாலையில் பதுங்கியிருந்து தாக்கும் போர் வேறு கேள்வியைக் கேட்டது. இந்தப் போரில் மூக்கு நீண்ட உரால்-4320 போன்ற லாரிகள் ஓட்டுநர்களின் நம்பிக்கையைப் பெற்றன.

எரிபொருளும் மற்றொரு சிக்கல். பெட்ரோல் எஞ்சின் நல்ல சாலையிலேயே 100 கி.மீ.க்கு 20 லிட்டருக்கு மேல் குடித்தது. டீசலைவிடப் பெட்ரோல் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் போர்க்களத்தில் அது கூடுதல் ஆபத்து.

உற்பத்தி நிறுத்தமும் வாரிசும்

1990களில் டீசல் எஞ்சின் பொருத்திய வகைகளும் வந்தன. எனினும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. 1999இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அதன் இடத்துக்கு வந்தது காஸ்-3308 'சாத்கோ'. நோவ்கரத் நாட்டுப்புறக் காவியத்தின் வணிகனும் இசைக்கலைஞனுமான சாத்கோவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. காஸ்-66இன் அச்சுகள், இயக்க அமைப்பு, டயர் காற்றழுத்தக் கட்டுப்பாடு ஆகியவற்றின் வழிவந்த அமைப்புகளே சாத்கோவிலும் உள்ளன. மாறியது கேபின். எஞ்சின் மீண்டும் முன்னால் சென்றது. ஓட்டுநர் அதன் பின்னால் அமர்ந்தார். காஸ்-63இல் இருந்து விலகிச் சென்ற பாதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பின் அதே இடத்துக்குத் திரும்பியது.

இன்றைய நிலை

சோவியத் காலத்தில் இருப்பில் வைக்கப்பட்ட, அதிகம் ஓடாத காஸ்-66கள் பின்னர் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. வேட்டைக்காரர்கள், மீனவர்கள், தொலைதூரப் பயணிகள் அவற்றை வாங்கினர். எரிபொருள் செலவைக் குறைக்க மின்ஸ்க் நகரில் தயாராகும் டீசல் எஞ்சின்களைப் பொருத்திக்கொள்வது பரவலான வழக்கம். 'குங்' பெட்டியில் அடுப்பும் படுக்கையும் அமைத்து நடமாடும் வீடாக மாற்றியவர்களும் உண்டு. 2022இல் பெருமளவில் விரிவடைந்த ரஷ்யா–உக்ரைன் போரிலும் இந்தப் பழைய லாரி இரு தரப்பிலும் காணப்பட்டது.

முக்கிய விவரங்கள்

உற்பத்திக் காலம்: 1964–1999
இயக்கம்: நான்கு சக்கரங்கள், முன் அச்சைத் துண்டிக்கலாம்
எஞ்சின்: 4.25 லிட்டர், எட்டு சிலிண்டர், பெட்ரோல்
திறன்: 115 குதிரைத்திறன்
கியர்கள்: 4 முன்னோக்கியவை, இரு நிலைகள் கொண்ட இரண்டாவது கியர்பெட்டி
சுமை: 2 டன், டிரெய்லர் 2 டன்
வெற்று எடை: சுமார் 3.4 டன்
அச்சுகளுக்கிடையிலான தூரம்: 3,300 மி.மீ.
தரையிலிருந்து உயரம்: 315 மி.மீ.
எரிபொருள் தொட்டிகள்: 105 லிட்டர் வீதம் இரண்டு
அதிகபட்ச வேகம்: மணிக்குச் சுமார் 90 கி.மீ.
கடக்கக்கூடிய நீரின் ஆழம்: சுமார் 0.8 மீட்டர்